எந்தச் சுடலைமுத்து?

2025 நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, வருடத்துக்கு 12 டாலருக்கு ஒரு சர்வர் கண்ணில் பட்டது. ஒரு கோர், ஒரு ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க். பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனி. நம்ம காசுக்கு ஆயிரத்துச் சொச்சம். மாதக் கணக்கில் போட்டால் நூறு ரூபாய்கூட வரவில்லை. அப்போது ஊரில் இருந்தேன். அம்மா தூங்கிவிட்டாள். முற்றத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தேன். பத்து நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன்.

சர்வர் அப்பாவின் நோட்டுகளுக்காக. திசையன்விளைக்குக் கிழக்கே, தேரி மண் தொடங்குகிற பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அப்பா முப்பத்தோரு வருஷம் தபால்காரர். ஈ.டி. என்பார்கள். அரசு ஊழியர் என்று முழுசாகச் சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. காலையில் பையைத் திறந்து முத்திரை குத்திவிட்டு, சைக்கிளில் நாலு குக்கிராமங்களுக்குப் போய்வருவார். கடிதத்தைவிட மணியார்டர்தான் அதிகம். பம்பாயில் இட்லிக் கடையும் மளிகைக் கடையும் வைத்திருந்தவர்கள் அனுப்புவது, அப்புறம் முதியோர் உதவித்தொகை.

எங்கள் பக்கம் சாமி சுடலைமாடன். மூத்த மகன்களில் பாதிப் பேர் சுடலைமுத்து. நான் பிறப்பதற்கு முன்னால், பம்பாயிலிருந்து வந்த 150 ரூபாயை அப்பா வேறொரு சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டார். வாங்கியவரும் மகன் அனுப்பியதுதான் என்று நம்பிச் செலவழித்துவிட்டார். அப்பா கைக்காசைப் போட்டு அடைத்தார். அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினார். பின்னால் அது ஒன்பது நோட்டாக வளர்ந்தது.

முதல் நோட்டின் நான்காம் பக்கத்திலிருந்து சுடலைமுத்துகள் தொடங்குகிறார்கள். வரிசை எண் போட்டுப் பதினோரு பேர். சுடலைமுத்து, சைக்கிள் கடை. சுடலைமுத்து, பம்பாய், ஐப்பசிக்கு மேல்தான் ஊரில் இருப்பார். சுடலைமுத்து, வாய் பேச மாட்டார். தூரத்தில் நின்று பையைத் தட்டிக் காட்டினால் வருவார். சுடலைமுத்து, கைநாட்டு, இடது கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு. சுடலைமுத்து, ஆறு விரல்; பணத்தை மருமகள் இருக்கும்போது கொடுக்கக் கூடாது. பதினோராவது: சுடலைமுத்து, தபால். அப்பாவுடைய பெயரும் அதுதான். அந்த வரிக்கு எதிரே வேறு குறிப்பு எதுவும் கிடையாது.

அப்பா போன மாசியில் இறந்துபோனார். நோட்டுகளை நானும் தங்கச்சியும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வைத்திருந்தோம். முதலில் ஒரு டிரைவ் போல்டரில் போட்டு உறவுக்காரர்களுக்கு அனுப்பினேன். பாதிப் பேருக்குத் திறக்கவில்லை. திறந்தவர்கள் ஒரு பக்கத்தைப் பிடித்து வாட்ஸப்பில் எங்கெங்கோ அனுப்பிவிட்டார்கள். அதில் யாருக்கு எவ்வளவு வந்தது, யார் யாருக்குத் தெரியாமல் வாங்கினார் என்பதெல்லாம் இருக்கிறது. யார் பார்க்கலாம் என்பது என் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மாவுக்கு ஒரே ஆசை. “ஒங்க அப்பா தெவசத்துக்குள்ள எல்லாரும் பாக்குத மாதிரி வச்சிரணும்யா” என்றாள்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

எனக்கு லாஸ்ட் நேம் கிடையாது. இதைப் படிக்கும் பலருக்கும் இருக்காது. இருப்பது ஒரு பெயரும் முன்னால் ஒரு தலையெழுத்தும்தான். லாஸ்ட் நேம் பெட்டியில் ஒரு புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. ‘எஸ்’ என்று போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. ‘எஸ்எஸ்’ என்று போட்டால் ஏற்றுக்கொண்டிருக்கும், ஆனால் அது யார்? கடைசியில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். அப்பா பெயரைப் போட்டேன்.

2010-இல் பேட்ரிக் மெக்கென்ஸி என்ற மென்பொருள்காரர், பெயர்களைப் பற்றி நிரல் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் தப்பான நம்பிக்கைகளை ஒரு பட்டியலாகப் போட்டார். நாற்பது இருக்கும். இணையத்தில் எழுதுகிற எல்லாரும் அதைப் படித்திருப்பதாகச் சொல்வார்கள். படித்துவிட்டு மறுநாள் காலையில் போய் அதே சிவப்பு நட்சத்திரத்தைப் போடுவார்கள். இது படிவத்தோடு போகிற விஷயமும் இல்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக எஃப்என்யு என்று அச்சடித்து வரும். ஒரு தலைமுறைத் தென்னிந்தியர்கள் அங்கே எஃப்என்யு என்றே அழைக்கப்பட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. எங்கள் பக்கத்துப் பையன்கள் டிராவல்ஸ் கடை வாசலில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நமக்கு அந்தப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் செங்கல்பட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் என் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. சாதி போய்விட்டது என்று சொல்ல வரவில்லை; எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் போதும், ஆளைச் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் அந்த இடத்தை யாரோ மெனக்கெட்டுக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒரு ஹோஸ்டிங் கம்பெனிக்கு எப்படி டிக்கெட் போட்டு விளக்குவது?

பணம் கட்டும் கட்டம் வந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். வெளிநாட்டுக் கடைக்கு நாமே ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். திறந்தேன். ஓடிபி வரும் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை. பணம் போய்விட்டது. ‘எஸ்’ யார் என்று யாரும் கேட்கவில்லை. பத்து ரூபாய் பார்சல் டீக்கு க்யூஆர் கோடு அடித்தால்கூட ரகசிய எண் கேட்கிற நாட்டில், 12 டாலர் சத்தமில்லாமல் கடல் தாண்டிப் போனது.

இரண்டு நிமிஷத்தில் மெயில். ‘அன்புள்ள சுடலைமுத்து’ என்று ஆரம்பித்தது.

அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்பாவுக்கு மெயில் ஐடியே கிடையாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவர் பெயருக்கு வந்த முதல் மெயில், உங்கள் ஆர்டர் சந்தேகத்துக்கு உரியது, நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்கவும் என்றது.

நிரூபிக்கும் வேலையை இன்னொரு கம்பெனியிடம் விட்டிருந்தார்கள். அதன் இணைப்பைத் தட்டினால் கேமரா திறந்தது. முதலில் பான் கார்டு. பான் கார்டில் நம் பெயருக்குக் கீழே தகப்பன் பெயரும் இருக்கும். இயந்திரம் இரண்டில் எதைப் பிடித்ததோ, ‘பெயர் பொருந்தவில்லை’ என்றது. அடுத்து டிரைவிங் லைசென்ஸ். என் பெயர் இசக்கியில் தொடங்குவது. ஆங்கிலத்தில் அதை ‘ஐ’ போட்டும் எழுதலாம், ‘ஈ’ போட்டும் எழுதலாம். பத்தாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர் ஒருமாதிரி எழுதினார், ஆர்டிஓ அலுவலகத்துக்கு வெளியே தட்டச்சு செய்து கொடுத்தவர் இன்னொருமாதிரி எழுதினார். லைசென்ஸில் ஒரே சொல். பான் கார்டில் இரண்டாக வெட்டி நடுவில் இடைவெளி. வங்கிக் கார்டில் தலையெழுத்து முன்னால். ஆதாரில் தலையெழுத்து பின்னால். நாலு அட்டையிலும் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே மூக்கு.

ஆதாரை நான் முழுசாகக் கொடுக்கவில்லை. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க் பண்ணின ஆதாரை இறக்கி ஏற்றினேன். ‘அசல் அட்டையைப் படம் எடுக்கவும்’ என்று திருப்பிவிட்டது. ஆயிரம் ரூபாய் சாமானுக்கு நம் முகத்தையும் அட்டையையும் எந்த நாட்டு டிஸ்க்கில் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று ஒரு பயம் இருக்கத்தானே செய்யும். அதற்கு முந்தைய மாதம்தான் டிஸ்கார்ட், வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்தியிருந்த வெளிக் கம்பெனி வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. வயதைக் காட்ட அட்டையைக் கொடுத்தவர்களும் அதில் உண்டு.

அப்புறம் முகம். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, சிரி, வட்டத்துக்குள் வா. முற்றத்து டியூப்லைட் வெளிச்சத்தில், ராத்திரி ஒரு மணிக்கு, நான் போனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏய்யா, யார்ட்ட பேசுத?”

“யார்ட்டயும் இல்லம்மா. நான் நான்தான்னு காட்டச் சொல்லுதான்.”

“அவன் யாரு?”

அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

மூன்று தடவைக்கு மேல் அனுமதி இல்லை என்று இணைப்பு பூட்டிக்கொண்டது. மறுநாள் ஒரு டிக்கெட் போட்டேன். முகவரிச் சான்று கேட்டார்கள். மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார பில் போதும் என்றார்கள். எங்கள் வீட்டு இணைப்பு அப்பா பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று ஒரு கட்டு காகிதம் வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். அம்மா ஒருத்திதான் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டுவதில்லை, அதனால் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

உடனே பச்சை டிக் விழுந்தது. முகவரி உறுதியாயிற்று. பெயர் பொருந்துகிறது: சுடலைமுத்து.

நான் அனுப்பிய எல்லாவற்றிலும் அந்த இயந்திரம் சந்தேகமே இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள், ஒன்பது மாதங்களுக்கு முன் நான் கொள்ளி வைத்த ஆள்.

சென்னையில் ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றில் சப்போர்ட்டில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மச்சான், நீ எங்க பக்கமிருந்து பாரு” என்றான். மலிவான சர்வரை முதலில் தேடி வருகிறவன் அப்பா நோட்டை ஏற்றுகிறவன் இல்லையாம். திருட்டு கார்டில் வாங்கி, இரண்டு நாளில் லட்சக்கணக்கில் ஸ்பாம் மெயில் அனுப்பிவிட்டுப் போகிறவன். கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்தால் பணம் திரும்பப் போவதோடு, வங்கி தண்டமும் போடும். ஒரு தண்டமே வருஷ வாடகையை விழுங்கிவிடும். ஐபி முகவரிக்குக் கெட்ட பெயர் வந்தால் பக்கத்தில் இருக்கும் ஒழுங்கான வாடிக்கையாளரின் மெயிலும் போகாது. அமெரிக்கக் கார்டு என்றால் முகவரியை வங்கியோடு ஒத்துப் பார்க்கலாம், நம்முடையதில் அது நடக்காது. “நீ ஹாட்ஸ்பாட்ல இருந்து வாங்கிருக்க. ஐபி மும்பைன்னு காட்டும். அட்ரஸ் திருநெல்வேலி மாவட்டம். கம்பெனி ஐரோப்பால. நேரம் நடு ராத்திரி. நானா இருந்தாலும் நிறுத்திருப்பேன்டா.”

“மனுஷன் ஒருத்தன் பாத்தா அஞ்சு நிமிஷத்துல புரியுமே?”

“அந்த மனுஷனுக்குச் சம்பளம் கொடுத்தா 12 டாலருக்கு எப்படித் தர முடியும்?”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்பா மாதிரி ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து ஒரு ஊருக்கு நிறுத்திவைத்தால்தான், எந்தச் சுடலைமுத்து என்று தெரியும். அந்த ஆளை எடுத்துவிட்டால் மிஞ்சும் விலைதான் 12 டாலர். இது எனக்குத் தெரியாமல் நான் மலிவைத் தேடிப் போகவில்லை.

ஆனால் ஒன்றை அவனும் மறுக்கவில்லை. திருடனின் காகிதங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரே ஆளிடமிருந்து மொத்தமாகத் திருடியதாக இருக்கும், அல்லது ஒரே மேசையில் உட்கார்ந்து தயாரித்ததாக இருக்கும். எழுத்துப் பிழையோடு நாலு அட்டை வைத்திருப்பவன், நாற்பது வருஷத்தில் நாலு அலுவலகத்துக்கு நிஜமாகவே போய்வந்தவன்.

டிக்கெட்டுக்குப் பதில் வந்தது. இம்முறை மனிதர் எழுதியது என்று நினைக்கிறேன், ஒரு எழுத்துப் பிழை இருந்தது. ‘வணக்கம் சுடலைமுத்து, முகவரிக்கு நன்றி. பில்லில் உள்ள நபரும் ஆர்டர் செய்தவரும் ஒருவர்தானா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.’

ஆமாம் என்று ஒரு சொல் எழுதினால் முடிந்திருக்கும். சர்வர் வந்திருக்கும், தெவசத்துக்குள் எல்லாம் ஏறியிருக்கும். யாருக்கும் நஷ்டமும் இல்லை. அரை மணி நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில்தான் நோட்டு இருந்தது. 150 ரூபாயை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதற்காக ஒன்பது நோட்டு எழுதிய ஆளின் பெயரில், நான்தான் அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. அந்தப் பெயரில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். இல்லை, அது என் தந்தை, அவர் இறந்துவிட்டார், எங்கள் ஊரில் தந்தை பெயரைத்தான் அந்தப் பெட்டியில் போடுவோம் என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து ஆர்டர் ரத்தானது. இறந்தவரின் ஆவணத்தைப் பயன்படுத்தியதாகக் காரணம். சட்டப்படி அவர்கள் சொல்வதும் சரிதான். இழப்புக்கு வருந்துகிறோம் என்று கடைசியில் ஒரு வரி. பணம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. போனபோதும் வந்தபோதும் வங்கி பிடித்தது போக நூற்றுச் சொச்சம் குறைந்தது.

அப்புறம் இந்தியாவிலேயே, நண்பன் வேலை பார்க்காத ஒரு கம்பெனியில் வாங்கினேன். மூன்று மடங்கு விலை. மெய்நிகர் சர்வர் விற்கிறவர்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு போட்டிருக்கிறது. அதனால் இங்கே இன்னும் கடுமையாக இருக்கும் என்று எல்லா அட்டைகளையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொபைலுக்கு ஒரு ஓடிபி. ஒரு அட்டை. லாஸ்ட் நேம் பெட்டியில் புள்ளி வைத்தேன், வாங்கிக்கொண்டது. நாலு நிமிஷம். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

தெவசத்துக்குப் பத்து நாள் முன்னால் நோட்டுகள் ஏறின. ஆனால் யாரை உள்ளே விடுவது? பணக் கணக்கு இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது, மருமகளுக்குத் தெரியக் கூடாதது இருக்கிறது. தெரு வாரியாகப் பிரித்த பக்கங்களை வெளியார் பார்த்தால் யார் என்ன சாதி என்று பிரித்துவிடலாம். ஆக நானும் ஒரு வாசல் வைக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் யோசிக்காமல் கிடைத்த ஒரு பிளகினைப் போட்டேன். திறந்து பார்த்தால் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், சிவப்பு நட்சத்திரம். சிரிப்பு வந்தது, அழித்தேன். இப்போது ஒரே ஒரு பெட்டி இருக்கிறது: ‘நீங்க யாரு வீட்டு ஆளு?’ அதற்குக் கீழே போன் நம்பர். வருகிற பதில்களை நான் சாயங்காலம் அம்மாவுக்குப் போனில் வாசிப்பேன். அவள் சொன்னால் திறந்துவிடுவேன்.

பெரும்பாலும் பத்து விநாடி ஆகும். “தெக்குத் தெரு, முருங்கை மரத்து வீட்டுக்காரி பேரன். விடு.” சிலருக்கு ஒரு நாள் ஆகும், அவள் யாரிடமாவது கேட்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் பம்பாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஆறு விரல் சுடலைமுத்து தன் தாத்தா என்றும், அவருக்கு ஆறு விரல் கிடையாது, அது அவர் தம்பிக்கு, நோட்டில் மாறிப்போயிருக்கிறது, திருத்திவிடுங்கள் என்றும் சொன்னார். தாத்தாவின் கைப் படம் ஒன்றும் அனுப்பியிருந்தார். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது, கொஞ்சம் மங்கல். பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் தெரிந்தது. ஆனால் அது வலது கையா இடது கையா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

“ஒங்க அப்பா தப்பா எழுத மாட்டாவ” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “அந்தத் தம்பிக்காரன் பேரு என்னன்னு கேளு. அவனும் சுடலமுத்துதானோ என்னவோ.”